ரிப்பேர் செய்யாத வீட்டுக்கு வாடகையை நிறுத்தலாமா? நிறுத்தினால் காலி செய்ய வைக்க முடியுமா?

மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கசிகிறது. படுக்கையறைச் சுவரில் பூஞ்சை படர்ந்து, அலமாரியில் துணி வைக்க முடியவில்லை. வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் "பார்க்கிறேன்" என்று பதில் வருகிறது, ஆள் வருவதில்லை. ஒரு கட்டத்தில் "முதலில் சரி செய்யுங்கள், அப்புறம் வாடகை தருகிறேன்" என்று குடியிருப்பவர் நிறுத்திவிடுகிறார். "வாடகையே தராதவருக்கு நான் ஏன் செலவு செய்ய வேண்டும்? வீட்டைக் காலி செய்யுங்கள்" என்கிறார் வீட்டுக்காரர்.

இந்தச் சண்டையில் இருவருமே தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக உண்மையாகவே நம்புகிறார்கள். சட்டம் இருவருக்கும் முழுதாகத் துணை நிற்பதில்லை. வாடகை ஒரு கணக்கு, ரிப்பேர் இன்னொரு கணக்கு என்று அது பிரித்துத்தான் பார்க்கிறது. இரண்டும் சேர்வதற்கு ஒரே ஒரு வழி வைத்திருக்கிறது, அதுவும் அளவோடு. தமிழ்நாட்டில் அந்த வழி எது, அதைத் தாண்டினால் என்ன ஆகும், வாடகை பாக்கிக்காகக் காலி செய்ய வைக்க வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## எந்தச் சட்டம் பொருந்தும்

நீண்ட காலம் நம்மிடம் இருந்தது 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். அதை நீக்கிவிட்டு வந்தது, வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் "புதிய சட்டம்" என்று சொல்வது இதைத்தான்.

புதிய சட்டத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலில் வாடகை அதிகாரி. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் இந்தப் பொறுப்பில் இருப்பார். ஒப்பந்தப் பதிவு, வாடகையை டெபாசிட் செய்வது, தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்தினால் புகார் ஆகியவை இவரிடம் போகும். அடுத்து வாடகை நீதிமன்றம். காலி செய்யும் உத்தரவு கேட்டு மனு போடுவது இங்கேதான். அதற்கு மேல்முறையீடு கேட்பது வாடகைத் தீர்ப்பாயம்.

அரசுக் கட்டடங்கள், வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக ஊழியருக்குக் கொடுக்கப்படும் நிறுவனக் குடியிருப்புகள், வக்ஃபு சொத்துகள், அறிவிக்கை செய்யப்பட்ட சமய, அறக்கட்டளைக் கட்டடங்கள் ஆகியவை இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. கோயில் வீட்டில் குடியிருப்பவர் கீழே வரும் விதிகளை அப்படியே தனக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

## எந்த ரிப்பேர் யார் தலையில்

"ரிப்பேர்" என்று பொதுவாகச் சொல்லும்போதே பாதிச் சண்டை தொடங்கிவிடுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் வாடகை உறவுகளுக்கு அடிப்படைச் சட்டம். ஒப்பந்தத்தில் எழுதாத வரை, வாடகைக்கு விட்ட வீட்டைப் பழுது பார்த்துக்கொடுக்கும் பொதுவான கடமை எதையும் அந்தச் சட்டம் உரிமையாளர் மீது சுமத்தவில்லை. வீட்டில் மறைந்திருக்கும் பெரிய குறையைச் சொல்ல வேண்டும் என்பதோடு சரி. அதன் 108-ஆம் பிரிவு வாடகைதாரருக்கு ஒரு வசதி தருகிறது. உரிமையாளர் "செய்யக் கடமைப்பட்ட" ரிப்பேரை, தெரிவித்த பிறகும் நியாயமான காலத்தில் செய்யவில்லை என்றால், வாடகைதாரரே செய்து அந்தச் செலவை வட்டியுடன் வாடகையில் கழிக்கலாம். ஆனால் கடமை எது என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் இந்த வசதியால் பயனில்லை.

புதிய சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. அதன் இரண்டாம் அட்டவணை பொறுப்பைப் பட்டியலாகவே பிரித்துவிட்டது.

உரிமையாளர் பொறுப்பு:

1. கட்டடத்தின் கட்டுமானப் பழுதுகள். வாடகைதாரரால் ஏற்பட்ட சேதத்துக்கு இது பொருந்தாது.
2. சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு, ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்தல்.
3. தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல்.
4. தேவைப்படும்போது உள், வெளி மின் வயரிங் வேலை.

வாடகைதாரர் பொறுப்பு இதைவிட நீளம். குழாயின் வாஷர், திருகு குழாய் மாற்றுவது, கழிவுநீர்ப் பாதை அடைப்பு எடுப்பது, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் பழுது, சுவிட்ச், பிளக் பாயின்ட், சர்க்யூட் பிரேக்கர், சமையலறைப் பொருத்துகள், கதவுப் பூட்டு, கைப்பிடி, கொசுவலை, உடைந்த கண்ணாடி, வாடகைக்குள் சேர்ந்த தோட்டப் பராமரிப்பு வரை அவர் தலையில்தான்.

ஆக, கீசர் ஓடவில்லை, வாஷ்பேசின் ஒழுகுகிறது என்று வாடகையை நிறுத்துபவருக்கு ஆரம்பத்திலிருந்தே கால் ஊன்ற இடமில்லை. தளத்திலிருந்து நீர்க்கசிவு, கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிவது, சுவருக்குள் ஓடும் குழாய் வெடிப்பு, எரிந்துபோன வயரிங் இவையெல்லாம் உரிமையாளர் கணக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள இடமுண்டு என்பதால், அட்டவணைக்கு முன் உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். "எல்லா ரிப்பேரும் வாடகைதாரரே செய்துகொள்ள வேண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதிவைக்கும் ஒப்பந்தங்கள் நிறைய. கையெழுத்துப் போடும்போது யாரும் அந்த வரியைக் கவனிப்பதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு சிக்கல் வரும். கசிவு மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து வந்தால், உங்கள் வீட்டு உரிமையாளர் நினைத்தால்கூட உடனே கை வைக்க முடியாது. மேல் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும், சங்கம் தலையிட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் உரிமையாளர் "மறுத்தார்" என்று காட்டுவது கடினம். அவர் சங்கத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தாலே நிலைமை மாறிவிடும்.

## நிறுத்துவது வேறு, கழிப்பது வேறு

புதிய சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: தன் பொறுப்பில் உள்ள ரிப்பேரை உரிமையாளர் செய்ய மறுத்தால், வாடகைதாரர் வேலையைச் செய்துகொண்டு செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது.

இந்த ஒரு விதியில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன.

1. ரிப்பேர் உரிமையாளர் பொறுப்பாக இருக்க வேண்டும்.
2. அவர் மறுத்திருக்க வேண்டும். கேட்காமலே ஆள் வைத்து வேலை பார்த்துவிட்டு ரசீதை நீட்டினால், மறுப்பு எங்கே என்ற கேள்வி வரும்.
3. வேலை நடந்திருக்க வேண்டும், பணம் செலவாகியிருக்க வேண்டும். "செய்யாததால் தரவில்லை" என்பதற்கு இந்தப் பிரிவில் இடமே இல்லை.

மூன்றாவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாத வாடகை 14,000 ரூபாய். தளத்தில் நீர்க்கசிவைச் சரிசெய்ய 35,000 ரூபாய் ஆகும் என்கிறார் கொத்தனார்.

வாடகைதாரர் எழுத்தில் கேட்டு, உரிமையாளர் மறுத்த பிறகு, தானே 35,000 செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 7,000 வரை கழிக்கலாம். 5 மாதத்துக்கு மீதி 7,000 மட்டும் தருகிறார். ஆறாம் மாதத்திலிருந்து பழையபடி 14,000. இவர் மீது வாடகை பாக்கி என்று வழக்குப் போட்டால் ரசீதுகளை வைத்துப் பதில் சொல்ல முடியும்.

அதே ஆள் 35,000 செலவு செய்துவிட்டு, "எனக்கு வர வேண்டியது வரட்டும்" என்று இரண்டு மாதம் முழு வாடகையையும் நிறுத்துகிறார். தராதது 28,000. அந்த இரண்டு மாதத்தில் சட்டப்படி கழிக்க முடிந்தது 14,000. மீதி 14,000 பாக்கியாகத்தான் நிற்கும். செலவு உண்மை, கழித்த வேகம்தான் தவறு.

மூன்றாவது ஆள் எந்த வேலையும் செய்யவில்லை. கசிவு அப்படியே இருக்கிறது. இரண்டு மாத வாடகையை மட்டும் நிறுத்தியிருக்கிறார். இவருடைய பாக்கி முழு 28,000. மூவரில் அதிகம் கஷ்டப்படுபவர் இவர்தான், பூஞ்சை பிடித்த அறையில் இன்னும் படுத்துக்கொண்டிருக்கிறார். சட்டத்தில் பலவீனமாக நிற்பவரும் இவரே.

இந்த விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 6,000 ரூபாய் வாடகைக்கு ஒற்றை அறையில் இருப்பவரால் 40,000 ரூபாயைக் கையிலிருந்து போட்டுவிட்டு, மாதம் 3,000 வீதம் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துக்கொண்டிருக்க முடியாது. முன்பணம் போட வசதி உள்ளவருக்கு மட்டுமே பயன்படும் உரிமை இது. வாடகையை ஒரு பொதுக் கணக்கில் கட்டச் சொல்லி, அதிலிருந்தே ரிப்பேர் செய்ய உத்தரவிடும் அதிகாரத்தை வாடகை அதிகாரிக்குத் தெளிவாகக் கொடுத்திருந்தால் ஏழைக் குடியிருப்பாளருக்கும் வழி பிறந்திருக்கும். சட்டத்தை எழுதியவர்கள் அதைச் செய்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

"வாடகையை வாடகை அதிகாரியிடம் கட்டலாமே" என்று சிலர் சொல்வதுண்டு. 14-ஆம் பிரிவில் அந்த வசதி இருப்பது உண்மைதான். ஆனால் உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தாலோ, ரசீது தர மறுத்தாலோ, யாருக்குத் தருவது என்ற சந்தேகம் வந்தாலோ பயன்படுத்துவதற்கு அது. ரிப்பேர் தகராறுக்காக வாடகையை அங்கே நிறுத்திவைக்க எழுதப்பட்டதல்ல.

## நீதிமன்றங்கள் எப்படிப் பார்த்திருக்கின்றன

வாடகையை முழுதாக நிறுத்தும் கேள்வி இந்திய நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. கல்கத்தாவிலிருந்து போன ஒரு வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாடகைக்குப் பேசிய வீட்டில் மூன்று படுக்கையறைகள். ஒன்றை உரிமையாளர் ஒப்படைக்கவே இல்லை. அதனால் வாடகை முழுவதையும் நிறுத்திவைக்க உரிமை உண்டு என்று வாடகைதாரர் வாதிட்டார். மீதி வீட்டை அனுபவித்துக்கொண்டே ஒன்றும் தராமல் இருப்பது நியாயமல்ல, கிடைத்த பகுதிக்கு விகிதப்படி வாடகை தர வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரு அறையே கிடைக்காதபோதும் முழு நிறுத்தத்தை ஏற்காத பார்வை அது.

2020 ஊரடங்கின்போதும் இதே கேள்வி எழுந்தது. டெல்லி கான் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒருவர், கடை மூடியிருந்த காலத்துக்கு வாடகையை நிறுத்திவைக்க அனுமதி கேட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. இடத்தைத் தன் வசம் வைத்துக்கொண்டிருக்கும்வரை, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லாத வரை, வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றது. பணம் கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கிடைத்தது.

பழைய சட்டத்தின்கீழ் வாடகைதாரருக்கு இன்னொரு பாதுகாப்பு இருந்தது. வாடகை பாக்கிக்காகக் காலி செய்ய வைக்க, அது "வேண்டுமென்றே செய்த பாக்கி" என்று காட்டியாக வேண்டும். எது வேண்டுமென்றே என்பதை 1985-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்குகளில் விரிவாக ஆராய்ந்தது. ரிப்பேர் தகராறு உண்மையானது என்று காட்டியே அப்போது தப்பிக்க முயல முடிந்தது. புதிய சட்டத்தில் அந்த "வேண்டுமென்றே" இல்லை. பாக்கி இருக்கிறதா, நோட்டீஸ் போனதா, அவகாசத்துக்குள் கட்டினாரா என்பதே கேள்வி. பெரியவர்கள் பழைய அனுபவத்தை வைத்துச் சொல்லும் ஆலோசனை இன்று பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

இணையத்தில் படிப்பவர்கள் குழம்புவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில், வசிக்கத் தகாத வீட்டுக்கு வாடகையை நிறுத்திவைப்பதையே சட்டம் ஏற்கிறது. 1970-இல் வாஷிங்டன் நகரின் கிளிஃப்டன் டெரஸ் குடியிருப்பு வழக்கு இதில் முக்கியமானது. சுமார் 1,500 விதிமீறல்கள் இருப்பதாகச் சொல்லி வாடகைதாரர்கள் பணம் தர மறுத்தார்கள். வீட்டை வசிக்கத் தக்கதாக வைத்திருப்பதும் வாடகை தருவதும் ஒன்றையொன்று சார்ந்த கடமைகள் என்று அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கலிஃபோர்னியா 1974-இல் அதே வழிக்கு வந்தது. அந்தத் தீர்ப்புகளைப் பற்றிய விளக்கங்களைப் படித்துவிட்டு மதுரையில் வாடகையை நிறுத்தினால், இங்குள்ள நீதிமன்றம் கையில் எடுப்பது, காலி செய்ய வைக்கும் காரணங்களைச் சொல்லும் புதிய சட்டத்தின் 21-ஆம் பிரிவைத்தான்.

## வீட்டுக்காரர் காலி செய்ய வைப்பது எப்படி

21-ஆம் பிரிவில் காலி செய்ய வைப்பதற்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று இரண்டு மாத வாடகையும் மற்றக் கட்டணங்களும் பாக்கி நிற்பது. அதைப் பயன்படுத்த நினைக்கும் உரிமையாளர் கீழ்க்கண்ட வரிசையில் போவது நல்லது.

1. முதலில் ரிப்பேர் புகாருக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள். வீட்டுக்குள் போய்ப் பார்க்க 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பார்த்துவிட்டு உங்கள் பொறுப்பில் உள்ளதைச் செய்யுங்கள். உள்ளே விட மறுத்தால் அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். "வாடகை தந்தால்தான் செய்வேன்" என்ற பதில், வாடகைதாரர் பின்னால் காட்ட வேண்டிய மறுப்பை நீங்களே எழுதிக் கொடுப்பதாகும்.

2. மாதவாரியாகக் கணக்கு எழுதுங்கள். வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எந்த ரசீதுக்காக எவ்வளவு கழித்ததாக அவர் சொல்கிறார், அதில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை. நியாயமான கழிவையும் சேர்த்து பாக்கி என்று கேட்டால் கேட்ட தொகையே தப்பு என்ற வாதம் கிளம்பும்.

3. பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் சொன்னபடி, எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் தரலாம், அதே வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைந்துவிட்டதால், ஒப்புகை அட்டையோடு ஸ்பீடு போஸ்ட் அனுப்பி அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

4. ஒரு மாதம் பொறுங்கள். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டி உட்பட பாக்கி முழுவதையும் உரிமையாளரிடம் கட்டினாலோ நீதிமன்றத்தில் டெபாசிட் செய்தாலோ, இந்தக் காரணத்துக்காகக் காலி செய்யும் உத்தரவு வராது. இந்தச் சலுகை ஒரு தடவைதான். சலுகை வாங்கிய பிறகு ஏதாவது ஓர் ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி பாக்கி வைத்தால் இது கிடைக்காது.

5. அதன் பிறகும் பணம் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு. ஒப்பந்தம், பதிவு எண், கணக்கு, நோட்டீஸ், ஒப்புகை, ரிப்பேர் பற்றிய கடிதப் போக்குவரத்து எல்லாம் அதோடு சேர வேண்டும்.

6. உத்தரவு வந்தாலும் அதை நீங்களே போய் நிறைவேற்ற முடியாது. அதற்கும் நீதிமன்றத்திடம்தான் போக வேண்டும். நீதிமன்ற அமீனா வந்து ஒப்படைப்பார். போலீஸ் பாதுகாப்பு தேவை என்றால் அதுவும் நீதிமன்றம் சொல்லித்தான்.

நான்காவது படியை வாடகைதாரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கோபத்தில் நிறுத்தியவருக்கு மீண்டுவர அந்த ஒரு மாதம் இருக்கிறது. பாக்கி முழுவதையும் "ரிப்பேர் குறித்த என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டிவிட்டால் வீடு தப்பிக்கும், ரிப்பேர் வழக்கும் உயிரோடு இருக்கும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புபவர்கள் இந்த அவகாசத்தைத் தாங்களே வீணாக்குகிறார்கள்.

## பூட்டுப் போடுவது, மோட்டாரை நிறுத்துவது

பாக்கி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த முடியாது. புதிய சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிப்ட், சுகாதார வசதி எல்லாம் அத்தியாவசியச் சேவைகளில் அடங்கும். மோட்டார் ஸ்விட்ச் அறையைப் பூட்டி வைப்பது, மின் இணைப்பு தன் பெயரில் இருக்கிறது என்று மின்வாரியத்தில் சொல்லித் துண்டிக்க வைப்பது எல்லாமே இதற்குள் வந்துவிடும். வாடகை அதிகாரியிடம் புகார் போனால், விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் உடனே இணைப்பைத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

ஆள் வெளியூர் போன நேரத்தில் பூட்டை மாற்றுவது இன்னும் ஆபத்து. 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். சொத்து யாருடையது என்ற கேள்வியையே அந்த வழக்கில் பார்க்க மாட்டார்கள். வாடகை பாக்கி வைத்தவர் என்பதும் அங்கே தடையாகாது. இரண்டு மாத வாடகைக்காகத் தொடங்கிய உரிமையாளர், தன் சொந்த வீட்டின் சாவியை நீதிமன்ற உத்தரவுப்படி திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு வந்து நிற்பார்.

போலீஸ் நிலையத்தில் பஞ்சாயத்து வைத்து "இத்தனை நாளில் காலி செய்கிறேன்" என்று எழுதி வாங்குவது நடக்கிறது. போலீசாருக்கு வீட்டைக் காலி செய்ய உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. மிரட்டல், அடிதடி என்றால் அவர்கள் வரலாம், வாடகைக் கணக்கு அவர்கள் வேலை அல்ல.

## ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால்

வாய்ப்பேச்சாக வீடு விட்டவர்களும் எடுத்தவர்களும் இன்னும் ஏராளம். புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது, பதிவானதும் ஒரு எண் கிடைக்கும்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாத பழைய வாடகைகளுக்கும் ஒப்பந்தம் போட அவகாசம் தரப்பட்டது. போடத் தவறினால், அதுவே 21-ஆம் பிரிவில் காலி செய்ய வைக்க ஒரு தனிக் காரணம். சென்னை உயர் நீதிமன்றம் வரை இந்தக் காரணத்தில் நிறைய வழக்குகள் போயிருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில் இருப்பவர் ரிப்பேருக்காக வாடகையை நிறுத்தினால், உரிமையாளர் வாடகை பாக்கியைப் பற்றிப் பேசவே தேவையில்லாமல் போகலாம். கசிவைப் பற்றிய வாதம் அங்கே எடுபடவே செய்யாது.

சான்று விஷயத்தில் ஒரு குறிப்பு. இன்று ரிப்பேர் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. அதைச் சான்றாகக் கொண்டுவர, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் (பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழ் வேண்டும். அதனால் செல்போனை மாற்றும்போது பழைய உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். அதோடு ஒரு கடிதமும் தபாலில் போட்டுவிடுங்கள். எந்தப் பழுது, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாளில் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் 15-ஆம் பிரிவின்படி நானே செய்து பாதிக்கு மிகாமல் கழிப்பேன் என்று நான்கு வரி போதும். வேலைக்கு முன்னும் பின்னும் படம், இரண்டு பேரிடம் வாங்கிய விலை மதிப்பீடு, கொத்தனார் அல்லது ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட ரசீது, பணம் வங்கி வழியாகப் போன விவரம் இவை இருந்தால், கழித்த தொகை ஊதிப் பெருக்கியது என்று யாரும் எளிதாகச் சொல்ல முடியாது.

## அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா

"பத்து மாத அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறது, அதில் கழித்துக்கொள்ளட்டும்" என்பது சென்னையில் அடிக்கடி கேட்கும் பதில். பழைய சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று இருந்தது. அதனால், கூடுதலாக வாங்கிய பணத்தைக் காட்டி, பாக்கியே இல்லை என்று வாதிட முடிந்தது.

புதிய சட்டத்தின் 11-ஆம் பிரிவு மூன்று மாத வாடகை என்று வரம்பு வைத்தது. ஆனால் "வேறு ஒப்பந்தம் இல்லாத வரை" என்ற சொல்லோடு வைத்தது. இருவரும் ஒப்புக்கொண்டு பத்து மாதம் என்று எழுதினால், அதைச் சட்டவிரோதம் என்று சொல்வது முன்பு போல எளிதல்ல. அந்தப் பணம் வீட்டைக் காலி செய்யும்போது தீர்க்க வேண்டிய பாதுகாப்புத் தொகை. மாத வாடகைக்குப் பதிலாக அதை ஒருதலையாக வாடகைதாரர் சரிக்கட்ட முடியாது. உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் கதை வேறு.

வாடகைதாரர் தன் பொறுப்பில் உள்ள பழுதைச் செய்ய மறுத்தால், உரிமையாளர் அதைச் செய்து செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ள இதே சட்டம் இடம் தருகிறது. போதாததைக் கேட்டும் வாங்கலாம்.

## குடியிருக்கவே முடியாத வீடு

கூரை விழும் நிலை, வயரிங் முழுக்க ஷாக் அடிக்கிறது, கழிவுநீர் வீட்டுக்குள் திரும்புகிறது என்ற அளவுக்குப் போனால் சட்டம் தரும் விடை வாடகைக் குறைப்பு அல்ல, வெளியேறும் உரிமை. ரிப்பேரை எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுத்து, வீடு வசிக்கத் தகாத நிலையில் இருந்தால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாடகைதாரர் வெளியேறலாம். ஒப்பந்தக் காலம் மிச்சமிருந்தாலும் இது பொருந்தும்.

வெள்ளத்துக்கும் இதே திசைதான். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு வெள்ளத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் இடத்தின் முக்கியப் பகுதி அழிந்தோ, நிரந்தரமாகப் பயன்படாமலோ போனால், குத்தகையை முடித்துக்கொள்ள வாடகைதாரருக்கு விருப்பம் உண்டு என்பதே அது தருவது. நான்கு நாள் தண்ணீர் நின்று வடிந்த வீட்டை வைத்துக்கொண்டே வாடகை தராமல் இருக்க அது வழி செய்யவில்லை. அந்த மாதத்துக்குத் தள்ளுபடி வேண்டும் என்றால் பேசித்தான் வாங்க வேண்டும், வாங்கியதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியேறும்போது வீட்டின் நிலையை இருவரும் சேர்ந்து பார்த்து, மின் மீட்டர் அளவு, பெயின்ட், பொருத்துகள் எல்லாவற்றையும் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். சாவி கொடுத்த தேதிக்கு ஒரு சான்று வாங்குங்கள். பாக்கியைப் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை உரிமையாளர் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். 15-ஆம் பிரிவின்படி செய்த ரிப்பேரில் இன்னும் கழிக்காத தொகை இருந்தால் அதை இந்தக் கணக்கில் எழுதிக் கேட்க வேண்டும். வாடகை பாக்கி அட்வான்ஸைத் தாண்டினால், வீடு காலியானதோடு அது மறைந்துவிடாது. ஒவ்வொரு மாத வாடகைக்கும் அது தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை உரிமையாளர் வழக்குப் போடலாம்.